ஹட்டி: ஒரு நடன இசைத்தட்டின் எழுத்தும் உறையும்

கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் நடன இசையை வினைலில் வெளியிட முடிவு செய்து, எழுத்து வடிவத்தையும் உறையையும் குன்னூரில் உள்ள எங்களிடம் ஒப்படைத்தார். 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு, 300 பிரதிகள். ஊர்ப் பெண்கள் படுக மொழியில் பாடிய ஆட்டப் பாட்டைப் பதிவு செய்து, அதற்குக் கீழே மின்னணுத் தாளத்தையும் கனத்த பாஸையும் வைத்திருந்தார். தட்டின் பெயர் ‘ஹட்டி’. படுகர்கள் தங்கள் சிற்றூரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவருடைய கைப்பேசியில் மாதிரிப் படங்கள் ஏராளமாக இருந்தன. பனி மூடிய தேயிலைச் சரிவு, மலை ரயில், தோடர் பூத்தையல், தேயிலைப் பச்சையில் ஒளி ஊடுருவும் வினைல். எல்லாமே உறைக்கான யோசனைகள். “லேபிளில் என்ன இருக்கிறது அண்ணா, பெயரைப் போட்டால் போதும்” என்றார். தட்டின் நடுவில் இருக்கும் அந்த வட்டத் தாளிலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம். நடன இசைத்தட்டின் உறை கடையில் ஒருமுறை பார்க்கப்படுகிறது. லேபிள் ஒவ்வொரு இரவும் படிக்கப்படுகிறது. அதுவும் இருட்டில், அவசரத்தில், ஒரு கை வேறு வேலையில் இருக்கும்போது. உறைக்கென்று நாங்கள் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை அந்தச் சிறிய வட்டம் போட்ட கட்டளைகள்தாம்.

இருட்டில் படிக்கும் வட்டம்

12 அங்குலத் தட்டில் ஒரே பாட்டை வைப்பது வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நீள்தட்டைக் கொண்டுவந்தது, 1949இல் ஆர்.சி.ஏ. 45 சுற்றுச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒற்றைப் பாட்டு என்றால் 7 அங்குலம் என்பதே வழக்கமாக இருந்தது. 1970களில் நியூயார்க் டிஸ்கோ அரங்குகளுக்காகப் பாட்டுகளை நீட்டிக் கலவை செய்த டாம் மோல்ட்டன் போன்றவர்கள் ஒரே பாட்டை அகன்ற தட்டில் பரப்பி வெட்டிப் பார்த்தார்கள். வரிப்பள்ளங்களுக்கு இடம் கிடைத்ததும் பாஸ் ஓங்கியது, ஒலி உரத்தது. இன்றும் 45 சுற்றில் பக்கத்துக்கு 10, 12 நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டால்தான் அந்த உரம் கிடைக்கும்.

அகன்ற பள்ளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: அரங்கில் தட்டுகளை ஓட்டும் டி.ஜே. அதைக் கண்ணால் படிக்கலாம். கருப்புத் தட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ஒலி அடங்கிய பகுதி கருத்தும் தாளம் நிறைந்த பகுதி சற்று வெளிறியும் தெரியும். குரல் மட்டும் ஒலிக்கும் இடைவெளி எங்கே வருகிறது என்று ஊசியை வைக்காமலே கண்டுபிடித்துவிடலாம். ஒளி ஊடுருவும் பச்சைத் தட்டில் இது எளிதில் நடக்காது. ஆகவே பச்சை வினைல் முதல் சந்திப்பிலேயே விழுந்தது. இசைஞருக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

லேபிளின் விட்டம் 100 மில்லிமீட்டர். நடுவில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான துளை. அதைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இளகிய பி.வி.சி. உருண்டைக்கு மேலும் கீழும் லேபிளை வைத்து, 150 டிகிரி அளவிலான நீராவிச் சூட்டில் தட்டோடு சேர்த்தே அழுத்துகிறார்கள். தாளில் ஈரம் இருந்தால் கொப்புளம் வரும் என்பதால் அதற்கு முன்பே லேபிள்களைச் சூட்டில் உலர்த்தி எடுக்கிறார்கள். எனவே பூச்சில்லாத தாளும் சூடு தாங்கும் மையும்தான் பயன்படும். வார்னிஷ், உலோக மினுமினுப்பு இரண்டும் ஆகாது. அழுத்தும்போது லேபிள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகி விழவும் கூடும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் ஓர் அழகான யோசனையைக் கொன்றது. நடுத்துளையையே ‘ட்’ எழுத்தின் மெய்ப்புள்ளியாக வைத்துவிடலாம் என்று எங்கள் அறையில் ஒருவர் வரைந்து காட்டினார். தாளில் பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் லேபிள் சற்றே விலகினால் புள்ளி எழுத்தை விட்டுத் தள்ளிப் போகும். அதைவிட, தட்டு சுழலியில் ஏறியதும் துளைக்குள் அச்சாணி வந்துவிடும். சொல்லின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு நிற்கும். திரையில் மட்டும் வாழும் யோசனைகளில் அது ஒன்று.

நிறத்தை முடிவு செய்தது அரங்கின் விளக்கு. டி.ஜே. மேசைக்கு மேல் சிவப்பு விளக்கு இருப்பது சாதாரணம். சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும், சிவப்பு மையும் சிவப்பாகத் தெரியும். எழுத்து இருந்த இடமே தெரியாது. கைப்பேசி விளக்கின் மேல் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றி மாதிரி லேபிள்களைப் பார்த்தபோது இசைஞரே ஒப்புக்கொண்டார். கருப்பு, வெள்ளை, வேறு எதுவும் வேண்டாம்.

பக்கங்களை ஏ, பி என்று குறிப்பது உலக வழக்கம். அதைத் தட்டிலேயே கீறும் மேட்ரிக்ஸ் எண்ணில் விட்டுவைத்து, லேபிளில் ‘மேல்’, ‘கீழ்’ என்று போட்டோம். நீலகிரியில் மேல்குந்தா, கீழ்குந்தா என்று ஊர்கள் இருக்கின்றன; ஒரே பெயரைச் சரிவின் உயரத்தால் பிரித்துச் சொல்வது இங்கே இயல்பான பழக்கம். வடிவ அளவிலும் இது கை கொடுத்தது. கொம்போடு தொடங்கும் ‘மேல்’ இடப்பக்கம் கனக்கிறது. ‘கீழ்’ தலைக்கு மேலே வளைகிறது. அரைகுறை வெளிச்சத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. மேல் பக்கம் வெள்ளையில் கருப்பு, கீழ் பக்கம் கருப்பில் வெள்ளை. பூச்சில்லாத தாளில் மை பரவும் என்பதால், கருப்புப் பரப்பில் விடப்படும் வெள்ளை எழுத்து மெலிந்து போகும். அந்தப் பக்கத்தின் சிறு எழுத்தை மட்டும் ஒரு பாயிண்ட் பெரிதாக்கி, தடிமனையும் ஒரு படி கூட்டினோம்.

வேகத்தைத் தமிழ் எண்ணில் ௪௫ என்று போட வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. பார்க்க அழகுதான். ஆனால் ௪ஐப் பார்ப்பவர் ‘ச’ என்று படிப்பார். தட்டை 33இல் ஓட விட்டுவிட்டு, பாட்டு ஏன் இழுக்கிறது என்று விழிப்பார். வேகமும், நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற எண்ணும் வழக்கமான எண்களிலேயே, லேபிளின் இரண்டாவது பெரிய எழுத்தாக நிற்கின்றன.

லேபிள் விளிம்பைச் சுற்றி வட்டமாக எழுத்தை ஓட்டும் பழைய பாணியையும் முயன்றோம். ரோமன் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பதால் வளைவில் ஒழுங்காக உட்காரும். தமிழில் மேலே விரியும் இகர வளைவும் கீழே தொங்கும் உகரக் காலும் உண்டு. வளைத்தால் மேல் பாகங்கள் சிதறுகின்றன, கால்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. எல்லா வரிகளையும் கிடையாகவே விட்டோம்.

ஹகரத்தோடு மல்லுக்கட்டு

‘ஹட்டி’ என்ற தலைப்பில் மூன்றே எழுத்துகள். மூன்றுக்கும் மூன்று குணம். ஹ முழுக்க முழுக்க வளைவும் சுழியும். ட செங்கோணம். டி அந்தச் செங்கோணத்தின் தலையில் ஒரு வளைவு. தமிழ் எழுத்துருக்களில் கிரந்த எழுத்துகள் பெரும்பாலும் கடைசியில் கவனிக்கப்படுபவை. தடித்த வடிவங்களில் ஹகரத்தின் சுழி மையால் அடைத்துக்கொண்டு ஒரு கரும்புள்ளியாகிவிடும். பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயர்கள் தும்மனட்டி என்பதுபோல் ஹகரம் உதிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். ஹகரத்தை எடுத்துவிட்டால் வடிவம் எளிதாகும் என்று ஒரு பேச்சு எழுந்தது. இசைஞர் அதற்கு மட்டும் அசையவில்லை. அவர் சொன்னது சரி.

ஆகவே தலைப்பை எழுத்துருவில் தேடாமல் வரைந்தோம். ஒரே தடிமனில் கோடு. சுழிகளின் உள்வெளி, கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியால் ஹ அகன்றது. அகலத்தைச் சமன் செய்ய இரண்டு டகரங்களின் அடிக்கோட்டையும் வலப்புறம் நீட்டினோம். இப்போது இன்னொரு சிக்கல்: ‘ட்’டின் புள்ளியும் அடுத்து வரும் ‘டி’யின் வளைவும் மேலே ஒன்றையொன்று தொட்டன. எழுத்துகளைத் தள்ளி வைத்தால் சொல் பிளந்து போகிறது. இடம் போதாதபோது கையால் பலகை எழுதும் ஓவியர்கள் செய்வதைச் செய்தோம்: புள்ளியைத் தலையிலிருந்து இறக்கி, டகரத்தின் திறந்த மூலைக்குள் உட்கார வைத்தோம். சொல்லின் மொத்த உயரமும் குறைந்தது. அதே இடத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடிந்தது. நீளமான விவாதங்களில் தீராதது அந்த ஒரு புள்ளியை நகர்த்தியதில் தீர்ந்தது.

சிறு எழுத்துக்கு அனேக் தமிழ். திறந்த உரிமத்தில் கிடைப்பது, தடிமனைப் போலவே அகலத்தையும் படிப்படியாக மாற்ற முடிவது என்ற இரண்டு காரணங்களுக்காகத்தான் அதை எடுத்தோம். லேபிளில் நீளமான பெயர்களை அடக்க அகலக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. ரோமன் எழுத்து 6 பாயிண்டில் படிக்கக் கிடைக்கலாம். தமிழில், அதுவும் பூச்சில்லாத தாளில், 8க்குக் கீழே இறங்கினால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்கு. பாடிய பெண்கள் எல்லோருடைய பெயரும் இசைஞர் பெயரின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்ததால், லேபிளில் வேறு எதற்கும் இடம் மிஞ்சவில்லை. நன்றியுரை, இணைய முகவரி எல்லாம் வெளியே போயின. நல்லதுதான்.

பாட்டு வரிகளை அச்சிடுவதில் வேறு விதமான கேள்வி வந்தது. படுக மொழிக்குப் பரவலாக வழங்கும் தனி எழுத்து இல்லை. இங்கே பெரும்பாலோர் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள். தமிழ் எழுத்து ப (pa), ப (ba) என்று பிரித்துக் காட்டாது. 1930களில் நீலகிரி மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ, படுகத்தில் நாவை வளைத்து ஒலிக்கும் உயிரொலிகள் இரண்டு அளவுகளில் இருப்பதாகப் பதிவு செய்தார். அதற்குத் தமிழில் குறியே கிடையாது. மேலெண்கள் போடலாமா, புதுக் குறிகள் செய்யலாமா என்று மொழியார்வலர் ஒருவர் கேட்டார். நாங்கள் பாடகியரைத் தங்கள் வழக்கப்படி எழுதித் தரச் சொல்லி, அதே எழுத்துக்கூட்டலில் அச்சிட்டோம். அந்த வரிகளைப் படிக்கப் போகிறவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும்.

தேயிலைச் சாக்கின் ஒழுங்கு

உறைக்கு டிஸ்கோ பை என்ற பழைய வடிவத்தை எடுத்தோம்: 315 மில்லிமீட்டர் சதுரம், நடுவில் வட்டமாக வெட்டிய துளை, அதன் வழியே லேபிள் தெரியும். செலவு குறைவு என்பது ஒரு காரணம். லேபிளுக்கே முதலிடம் தரும் உறை அது ஒன்றுதான் என்பது இன்னொன்று. உறையின் ஓவியமும் லேபிளின் ஓவியமும் துளை வழியே பொருந்தி ஒரே படமாக வேண்டும் என்று இசைஞர் ஆசைப்பட்டார். அது நடக்காது. தட்டு உறைக்குள் தன்னிச்சையாகச் சுழலும். இரு பக்க லேபிள்களும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் விழும் என்பதற்கும் உறுதி இல்லை. துளை வழியே லேபிள் தலைகீழாகத் தெரிந்தாலும் குறை தோன்றக் கூடாது என்பதையே விதியாக வைத்தோம். கருப்பா வெள்ளையா என்பது எந்தக் கோணத்திலும் தெரியும் அல்லவா?

உறையில் என்ன எழுதுவது என்பதற்கு வழி காட்டியது தேயிலை. குன்னூர் ஏலத்துக்குப் போகும் சரக்கின் மேல் தோட்டத்தின் பெயர், தரத்தைக் குறிக்கும் எழுத்துகள், இன்வாய்ஸ் எண், சாக்கு எண், நிகர எடை என்று ஒரு வரிசை இருக்கும். முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் தகரத்தில் வெட்டிய ஸ்டென்சில் வைத்து மையடித்தார்கள். இப்போது காகிதச் சாக்கு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பெயர், எடுத்து அடுக்குபவருக்கு எண், வாங்குபவருக்குத் தரம். இசைத்தட்டுக்கும் இதே மூன்று பேர்தான் வாசகர்கள். பெயர், இசை வகை, பட்டியல் எண், வேகம், நிகர எடை 140 கிராம். எடையை விளையாட்டாகத்தான் போட்டோம். ஆனால் 180 கிராம் என்றால் ஒலி தானாகவே மேம்பட்டுவிடும் என்று நம்பும் சேகரிப்பாளர்களோடு ஒரு சிறு வம்பும் அதில் உண்டு.

ஸ்டென்சிலின் தோற்றத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் இருந்தது. பழைய பெட்டிகளின் கீறல், மைக்கசிவு எல்லாவற்றையும் கணினியில் போலி செய்து ‘மலைத் தேயிலை மணம்’ விற்கும் பொட்டலங்கள் கடைத்தெருவில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஆகவே கீறல் இல்லை, கசிவு இல்லை. ஸ்டென்சிலின் கட்டுமானம் மட்டும். தமிழில் அதைச் செய்வது நல்ல பயிற்சி. டகரத்துக்குப் பாலமே தேவையில்லை, புள்ளி வெறும் ஓட்டை. மூடிய சுழி உள்ள ம, ல, ழ, கொம்பு ஆகியவற்றுக்கெல்லாம் பாலம் வேண்டும். இல்லாவிட்டால் சுழியின் நடுத் துண்டு விழுந்துவிடும். ஹகரத்தில் பாலத்தைச் சுழி தொடங்கும் இடத்தில் வைத்தால் வேறு எழுத்தாகத் தோன்றியது. வளைவின் உச்சியில் வைத்தபோதுதான் ஹ ஹவாகவே நின்றது.

டிஸ்கோ பைக்கு முதுகு கிடையாது. கடையில் பெட்டியில் அடுக்கிப் புரட்டும்போது மேல் விளிம்பின் சில சென்டிமீட்டர்தான் கண்ணில் படும். பட்டியல் எண்ணும், தலைப்பு ஒரு வரி ரோமன் எழுத்திலும் அந்த விளிம்பில் வந்தன. வெளிநாட்டுக் கடைக்காரர் அடுக்கி வைக்க அது போதும். முகப்பில் தமிழ் மட்டும்.

தோடர் பூத்தையலை ஏன் விட்டோம் என்று பின்னர் சிலர் கேட்டார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாகத் தோடர் பெண்கள் தைக்கும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வை இறந்தவர்கள் மேல் போர்த்தவும் படுகிறது. இது தோடர் இசையும் அல்ல, தோடர் தட்டும் அல்ல. நீலகிரி என்றதும் எல்லாச் சமூகங்களின் அடையாளங்களையும் அள்ளி ஒட்டுவது சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தின் வேலை.

பட்டையும் ஈரமும்

புதுத் தட்டுகளைச் சுருங்கும் நெகிழித் தாளில் இறுக்கி விற்பது வழக்கம். எனக்கு அது எப்போதுமே பிடிக்காது. சூடுபட்டால் அந்தத் தாள் மேலும் இறுகும். உள்ளே தட்டு வளையும். 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே வினைல் தளரத் தொடங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை உள்ள மாவட்டத்தில், ஊர்ப் பெயரைத் தாங்கிய தட்டை நெகிழியில் சுற்றி விற்பதும் பொருந்தவில்லை.

அதற்குப் பதில் ஒரு காகிதப் பட்டை. உறையை ஒரு சுற்று சுற்றி ஒட்ட 660 மில்லிமீட்டர் நீளம் வேண்டும், அகலம் 70. டபுள் கிரவுன் என்னும் 20×30 அங்குலத் தாளில் நீளவாட்டில் ஏழு பட்டைகள் அடங்கும். 300க்கு 43 தாள், கழிவுக்குச் சில கூட. வெளிப்புறத்தில் விலை, பார்கோடு. உட்புறத்தில் பாட்டு வரிகள். தனியாக வரித்தாள் அச்சிடும் செலவு மிச்சமானது. தட்டு பையிலிருந்து நழுவாமலும் பட்டை பிடித்துக்கொண்டது.

ஈரம்தான் கடைசிவரை தொல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பூச்சில்லாத பழுப்பு அட்டை ஈரத்தை உறிஞ்சி நெளியும். உறைக்குப் பயன்படுத்திய ஸ்கிரீன் அச்சு மையும் சீக்கிரம் உலராது. உறைகளைக் கோயம்புத்தூரில் அச்சிட்டு, அங்கேயே காய வைத்து, கட்டுகளாக மேலே கொண்டுவந்தோம். ஸ்கிரீனுக்குத் தேவையான பாசிட்டிவ் ஃபிலிமைப் பற்றி அச்சகத்து மூத்தவர் ஒரு தகவல் சொன்னார்: 1960இல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இயங்கிய காலத்தில், அச்சுத் தொழிலுக்கான ஃபிலிமும் ‘இந்து’ (INDU) என்ற வணிகப் பெயரில் மலையிலிருந்து கீழே இறங்கியது. இப்போது ஆலை மூடிக் கிடக்கிறது. ஃபிலிம் கீழிருந்துதான் வருகிறது.

தட்டு அச்சான ஆலை வெளிநாட்டில். ஊசி ஓடி முடியும் மழமழப்பான வளையத்தில், பள்ளங்களை வெட்டும் பொறியாளர் பட்டியல் எண்ணைக் கையால் கீறுவார். அங்கே தலைப்பையும் கீறச் சொல்லலாமா என்று பார்த்தோம். தமிழ் தெரியாத ஒருவரிடம் ஹகரத்தைக் கேட்பது கொடுமை. ஒரு டகரம் மட்டும் கேட்டோம்: நெட்டுக்கோடு ஒன்று, கிடைக்கோடு ஒன்று. பிசகாமல் வந்தது.

வெளியே போன பிறகு

பெங்களூரில் இதை வாசிக்கும் டி.ஜே. ஒருவர், பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை என்று மட்டும் சொன்னார். லேபிளைப் பற்றி எனக்கு அதற்கு மேல் பாராட்டு வேண்டாம். உறையின் மூலைகள் சீக்கிரம் நைகின்றன, 300 ஜி.எஸ்.எம். அட்டைக்குப் பதில் அடுத்த முறை 350 எடுப்போம். பட்டையைச் சிலர் முதல் தடவையே கிழித்துவிடுகிறார்கள். பசை ஒட்டும் இடத்தில் கிழிகோடு போட்டால் சரியாகும். இசைஞர் இரண்டாம் பதிப்புக்கு மறுபடியும் பச்சை வினைல் கேட்கிறார், நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாடிய பெண்களின் குறை வேறு. பட்டையைப் பிரித்து வரிகளைப் படித்த மூத்தவர், “ஒவ்வொரு அடியையும் மூன்று முறை பாடினோமே, நீங்கள் ஒரு முறைதானே போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஆட்டத்துக்குப் பாடும் பாட்டில் திரும்ப வருவதும் பாட்டுதான். அடுத்த பட்டையில் மூன்று முறையும் வரும். 660 மில்லிமீட்டரில் அதற்கு இடம் இருக்கிறது. எழுத்தை 8 பாயிண்டுக்குக் கீழே இறக்க வேண்டியதில்லை.